நின்றுபோன நிரல் விட்டுச்செல்லும் தடயம்

வாசிப்புப் பகுதி: தகவல் தொழில்நுட்பம்

பின்வரும் கட்டுரையை வாசித்திடுக. அதிலுள்ள கருத்துகளை நண்பர்களுடன் கலந்துரையாடிடுக.

1969ஆம் ஆண்டில் உலகின் இரு மூலைகளில் இரு தொடக்கங்கள் நிகழ்ந்தன. இன்று மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என நாம் அறியும் பல்கலைக்கழகம் பினாங்கில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1972இல், ஜோர்ஜ்டவுனுக்குத் தெற்கே உள்ள பாயான் லெப்பாசில் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் திறந்தது. அந்நாளில் இன்டெல்லின் முதன்மைப் பொருள் கணினி நினைவகச் சில்லுகளே. நினைவகமும் யூனிக்ஸும் சந்திக்கும் ஓரிடத்தைப் பற்றித்தான் நாம் இங்கே அறியப்போகிறோம்.

சில்லுகளைச் செய்யும் ஆலைகளில் ஒரு பழக்கம் உண்டு. சோதனையில் தோற்ற சில்லு எல்லாவற்றையும் குப்பையில் எறிந்துவிடுவதில்லை. அவற்றுள் சிலவற்றைப் பொறியியலாளர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கின்றனர். மேலுறையை நீக்கி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, எந்த இணைப்பு அறுந்தது, எங்கே வெப்பம் மிகுந்தது என்று தேடுகின்றனர். பழுதான பொருளே பழுதின் காரணத்தைச் சொல்லும் சாட்சி என்பது அவர்களுடைய அனுபவம்.

கணினி நிரலும் சில வேளைகளில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஆனால், நின்றுபோன நிரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க முடியாது. அது பயன்படுத்திய நினைவகத்தை அடுத்த கணமே வேறு நிரலுக்குக் கொடுத்துவிடலாம். மின்சாரம் நின்றால், நினைவகத்தில் இருந்தவை நீர்மேல் எழுத்து போல மறைந்துவிடும். ஆகவே, யூனிக்ஸ் ஒரு வழி செய்கிறது. நிரல் நிற்கும் அந்தக் கணத்தில் அதன் நினைவகத்தில் இருந்தவற்றை ஒரு கோப்பாக வட்டில் எழுதி வைக்கிறது. அக்கோப்புக்குக் கோர் கோப்பு என்றும் அவ்வாறு எழுதி வைப்பதற்குக் கோர் டம்ப் என்றும் பெயர்.

எல்லாக் கணினியும் எல்லா நேரத்திலும் இப்படிச் செய்வதில்லை. எழுதுவதா வேண்டாமா, எவ்வளவு எழுதுவது, எங்கே வைப்பது, யார் வாசிக்கலாம் என்பவற்றைக் கணினியின் அமைப்புகள் முடிவு செய்கின்றன. அந்த அமைப்புகளைப் பார்க்கத் தெரியாதவர், தேவையான சமயத்தில் தடயத்தை இழப்பார். அல்லது தம்மை அறியாமலேயே பிறருடைய இரகசியங்களைக் கோப்பாக்கி வைத்திருப்பார்.

பெயர் வந்த வழி

கோர் என்ற சொல் எங்கிருந்து வந்தது? இதற்கு விடை காண 1950களுக்குச் செல்ல வேண்டும். நடுவில் துளையுள்ள உளுந்து வடையைக் கடுகளவுக்குச் சுருக்கியதாகக் கற்பனை செய்யுங்கள். அத்தகைய காந்த வளையங்கள் ஆயிரக்கணக்கில் மெல்லிய கம்பிகளில் கோக்கப்பட்டு, வலை போலப் பின்னப்பட்டன. ஒவ்வொரு வளையத்தையும் வலப்புறமாகவோ இடப்புறமாகவோ காந்தமாக்கலாம். ஒரு திசை 0, மறுதிசை 1. இவ்வளையத்தின் பெயரே கோர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே ஃபாரஸ்டர் தலைமையில் உருவான வேர்ல்விண்ட் என்னும் கணினியில் 1953ஆம் ஆண்டில் இந்நினைவகம் பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உலகக் கணினிகள் பெரும்பாலும் காந்த வளைய நினைவகத்தையே நம்பியிருந்தன. இவ்வளையங்களைக் கம்பியில் கோக்கும் நுட்பமான வேலையைப் பெரும்பாலும் பெண் தொழிலாளர்களே கையால் செய்தனர்.

யூனிக்ஸ் பிறந்த காலத்தில் நினைவகம் என்றாலே கோர்தான். ஆகவே, நின்றுபோன நிரலின் நினைவகத்தைத் தாங்கிய கோப்புக்கும் கோர் என்றே பெயர் வைத்தனர். 1971ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இக்கோப்பைப் பற்றிய பக்கம் உள்ளது.

ஆனால், அதற்கு முந்திய ஆண்டிலேயே மாற்றம் தொடங்கிவிட்டது. 1970இல் இன்டெல் 1103 என்னும் நினைவகச் சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காந்த வளையங்களைவிட மலிவாகக் கிடைத்த இச்சில்லும் இதன் வழிவந்த சில்லுகளும் சில ஆண்டுகளில் வளைய நினைவகத்தை ஓரங்கட்டின. வளையம் போய்விட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தமிழில் எள்ளிலிருந்து எடுத்த நெய்யே முதலில் எண்ணெய் எனப்பட்டது. இன்று எள்ளுக்குத் தொடர்பே இல்லாத தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் என்றெல்லாம் சொல்கிறோம் அல்லவா? கோர் கோப்பின் கதையும் அதுவே.

இங்கே ஒரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். காந்த வளையம் மின்சாரம் நின்றாலும் தன்னிடம் உள்ளதை மறக்காது. அதற்குப் பின் வந்த சில்லு வேகமானது, மலிவானது. ஆனால், மின்சாரம் நின்றால் மறந்துவிடும். எனவே, நின்றுபோன நிரலின் நினைவகத்தை வட்டில் எழுதி வைக்கும் தேவை முன்பைவிட இன்று கூடியிருக்கிறது.

கோர் கோப்பு பிறக்கும் விதம்

இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் நினைவகத்தில் தனி இடம் ஒதுக்கப்படுகிறது. ஒரு நிரல் தனக்குச் சொந்தமில்லாத இடத்தைத் தொட முயன்றால், இயங்குதளத்தின் மையப் பகுதியாகிய கெர்னல் அதைத் தடுக்கிறது. பிறகு, அந்நிரலுக்கு ஒரு சமிக்ஞையை அனுப்புகிறது. யூனிக்ஸில் சமிக்ஞைகளுக்கு எண்கள் உண்டு. நாம் இங்கே சொன்ன தவற்றுக்குரிய சமிக்ஞையின் எண் 11. நிரல் தன் கணக்கில் ஏதோ பெரும் குழப்பம் இருப்பதை உணர்ந்து, தானே தன்னை நிறுத்திக்கொள்ளும்போது பிறப்பது 6ஆம் எண் சமிக்ஞை. இவ்விரண்டும் கோர் டம்ப் எடுக்கத் தூண்டுபவை. ஆனால், 9ஆம் எண் சமிக்ஞை நிரலை உடனே கொன்றுவிடும். எந்தப் பதிவையும் விட்டுவைக்காது.

அவ்வாறு எழுதப்படும் கோப்பில் என்ன இருக்கும்? நிரல் எந்த வரியில் நின்றது, அந்த வரிக்கு எந்தெந்தப் பகுதிகளைக் கடந்து வந்தது, அப்போது அதன் கையில் இருந்த எண்கள் யாவை, சொற்கள் யாவை என்பன எல்லாம் இருக்கும். நிரலாளர் இக்கோப்பை வழுவைத் தேடும் கருவியில் திறந்தால், நின்ற கணம் அவர்முன் உள்ளங்கை நெல்லிக்கனி போலத் தெளிவாகத் தெரியும். ஆயிரம் முறை ஓடும்போது ஒரே ஒரு முறை மட்டும் தலைகாட்டும் வழுவைப் பிடிக்க இதைவிடச் சிறந்த வழி அரிது. ஏனெனில், அவ்வழுவை வேண்டும்போது மீண்டும் வரவழைக்க முடியாது. வந்தபோது எடுத்த பதிவே துணை.

தொலைவிலிருந்து வந்த பதிவு

நினைவகப் பதிவின் பெருமையைச் சொல்ல அண்மைக் கால நிகழ்ச்சி ஒன்று உண்டு. வாயேஜர் 1 என்னும் விண்கலம் 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஏவப்பட்டது. அது யூனிக்ஸில் இயங்குவதன்று. அதைவிட எளிய கணினிகளைக் கொண்டது. ஆனாலும், நினைவகத்தைப் பார்த்து நோயறியும் முறை அங்கும் ஒன்றே.

2023ஆம் ஆண்டு நவம்பரில் வாயேஜர் 1 அனுப்பிய செய்திகள் திடீரெனப் பொருளற்றவை ஆயின. அப்போது அது பூமியிலிருந்து ஏறத்தாழ 24 பில்லியன் கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஒரு கட்டளை அங்கே சென்று சேர 22 மணி நேரத்துக்கு மேலாகும். பதில் வந்து சேர மேலும் அதே அளவு நேரமாகும். பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்க்க வழியே இல்லை.

2024ஆம் ஆண்டு மார்ச் முதல் நாளில் நாசா பொறியியலாளர்கள் விண்கலத்தின் கணினிகளுள் ஒன்றைச் சற்றே தூண்டிவிடும் கட்டளை ஒன்றை அனுப்பினர். மார்ச் 3ஆம் நாள் வந்த பதில் வழக்கத்துக்கு மாறாக இருந்தது. அதைப் பிரித்துப் பார்த்தபோது, அக்கணினியின் நினைவகம் முழுவதன் பதிவும் அதில் இருப்பது தெரிந்தது. கோளாறு வருவதற்கு முன்பு கிடைத்த பதிவுடன் இதை ஒப்பிட்டனர். நினைவகத்தில் ஏறக்குறைய 3 விழுக்காடு கெட்டுப்போயிருந்தது; அதற்கு ஒரே ஒரு சில்லு காரணம் என்று கண்டறிந்தனர். அப்பகுதியில் இருந்த நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து, நினைவகத்தின் நல்ல பகுதிகளில் இடம் தேடி வைத்தனர். முதல் திருத்தம் ஏப்ரல் 18ஆம் நாள் அனுப்பப்பட்டது. ஏப்ரல் 20ஆம் நாள், ஐந்து மாதங்களுக்குப் பிறகு, விண்கலம் தன் உடல்நிலையைப் பற்றிப் பொருளுள்ள செய்தியை அனுப்பியது.

நினைவகப் பதிவு கிடைக்காமல் இருந்திருந்தால், எந்தச் சில்லு கெட்டது என்று கண்டுபிடிப்பது இருட்டறையில் ஊசி தேடுவது போன்றே இருந்திருக்கும்.

நாணயத்தின் மறுபக்கம்

நினைவகப் பதிவு வழுவை மட்டும் பிடித்து வைப்பதில்லை. நினைவகத்தில் இருந்த எதையும் விட்டுவைப்பதில்லை. ஒரு பள்ளியின் தேர்வு நிரல் நின்றுபோனதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் மாணவர்களின் அடையாள அட்டை எண்கள், வீட்டு முகவரிகள், ஆசிரியரின் கடவுச்சொல் ஆகியவை நினைவகத்தில் இருந்திருந்தால், அவையும் கோர் கோப்பில் இருக்கும். கடவுச்சொல்லை வட்டில் மறையாக்கம் செய்து வைத்திருந்தாலும், நிரல் அதைக் கையாளும் நேரத்தில் நினைவகத்தில் வெளிப்படையாக இருக்கக்கூடும். ஆகவே, கோர் கோப்பை நண்பர் ஒருவருக்கோ மென்பொருள் நிறுவனத்துக்கோ அனுப்புவது வெறும் பிழைச்செய்தியை அனுப்புவது போன்றதன்று. வீட்டு அலமாரியைப் பூட்டாமல் அப்படியே தூக்கி அனுப்புவது போன்றது.

2023ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஓர் ஊடுருவல் உலக நாடுகளை இதைப்பற்றிச் சிந்திக்க வைத்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மின்னஞ்சல் சேவையில் ஊடுருவல்காரர்கள் நுழைந்து, அமெரிக்க அரசுத் துறைகள் உட்பட ஏறக்குறைய 25 அமைப்புகளின் மின்னஞ்சல்களைப் பார்த்தனர். நிறுவனத்தின் கையொப்பத் திறவி ஒன்று அவர்களுக்குக் கிடைத்ததே காரணம். அத்திறவி எப்படி வெளியே போனது? 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு கணினி நின்றுபோனபோது எடுக்கப்பட்ட நினைவகப் பதிவில் அது இருந்திருக்கலாம் என்று 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் விளக்கம் தந்தது. ஆனால், 2024ஆம் ஆண்டு மார்ச்சில் அவ்விளக்கத்தை அந்நிறுவனமே திருத்தியது. அத்திறவியைக் கொண்ட பதிவு எதையும் தான் காணவில்லை என்று அது தெரிவித்தது.

இந்நிகழ்ச்சியில் இரு பாடங்கள் உள்ளன. முதலாவது, நினைவகப் பதிவிலிருந்து இரகசியம் கசியக்கூடும் என்பதை உலகின் பெரிய மென்பொருள் நிறுவனங்களுள் ஒன்றே நம்பத்தக்க விளக்கமாகக் கருதியது. இரண்டாவது, எந்தப் பதிவு எப்போது எடுக்கப்பட்டது, எங்கே வைக்கப்பட்டது என்ற கணக்கு இல்லாவிட்டால், நடந்தது இதுதான் என்று நிறுவவும் முடியாது. நடக்கவில்லை என்று மறுக்கவும் முடியாது.

மலேசியாவில் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2013ஆம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வணிகத்தின் பொருட்டுப் பிறருடைய தகவல்களைக் கையாள்பவர், அவற்றை இழப்பிலிருந்தும் தவறான பயன்பாட்டிலிருந்தும் காக்க வேண்டும் என்பது அதன் கொள்கைகளுள் ஒன்று. தகவல் எங்கெல்லாம் எழுதப்படுகிறது என்று தெரிந்தவரால்தான் அதைக் காக்க முடியும்.

அமைப்புகளைப் பார்க்கும் முறை

லினக்ஸ் என்பது யூனிக்ஸின் வழியைப் பின்பற்றி 1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இயங்குதளம். அதில் கோர் டம்ப் அமைப்புகளைப் பார்க்க நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். கட்டளைகள் இங்கே ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். இக்கட்டளைகள் யாவும் பார்ப்பதற்கு மட்டுமே உரியவை. எதையும் மாற்றமாட்டா. ஆகவே, அஞ்சாமல் முயன்று பார்க்கலாம்.

முதல் கேள்வி: எவ்வளவு எழுதலாம்?

முனையத்தில் யூலிமிட் -சி என்று தட்டச்சு செய்தால், கோர் கோப்பின் அளவுக்கான வரம்பு தெரியும். விடை 0 என்றால் கோப்பு எழுதப்படாது. பல லினக்ஸ் கணினிகளில் இதுவே தொடக்க நிலை. அன்லிமிடட் என்று வந்தால் வரம்பே இல்லை. ஓர் எண் வந்தால் அதுவே உச்ச அளவு. பாஷ் என்னும் கட்டளை ஓட்டில் அந்த எண் 1024 பைட் அலகில் கணக்கிடப்படுகிறது. 2048 என்று வந்தால், 2 மெகாபைட் வரை எழுதலாம் என்று பொருள். நிரலின் நினைவகம் அதைவிடப் பெரிதாக இருந்தால் கோப்பு பாதியில் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட கோப்பு பல வேளைகளில் பயன்படாமல் போய்விடும்.

வரம்பு இரு வகைப்படும். மென் வரம்பு இப்போது நடப்பில் இருப்பது. யூலிமிட் -எஸ் -சி அதைக் காட்டும். வன் வரம்பு அதன் மேல்கூரை. யூலிமிட் -எச் -சி அதைக் காட்டும். பயனர் தம் மென் வரம்பைக் கூரை வரை உயர்த்திக்கொள்ளலாம். கூரையை உயர்த்த வேண்டுமானால் நிருவாகியின் உரிமை வேண்டும்.

இரண்டாவது கேள்வி: எங்கே, எந்தப் பெயரில்?

கேட் /பிராக்/சிஸ்/கெர்னல்/கோர்_பேட்டர்ன் என்னும் கட்டளை இதற்கு விடை தரும். கோர் என்ற ஒரே சொல் வந்தால், நிரல் எந்தக் கோப்புறையில் ஓடியதோ அங்கேயே கோப்பு எழுதப்படும். விழுக்காட்டுக் குறியுடன் எழுத்துகள் வந்தால், அவை பெயரில் நிரப்பப்படும் விவரங்கள். %இ நிரலின் பெயரைக் குறிக்கும். %பி அதன் அடையாள எண்ணைக் குறிக்கும். %டி நின்ற நேரத்தைக் குறிக்கும். இவ்விவரங்கள் இல்லாவிட்டால், ஒரே இடத்தில் அடுத்தடுத்து நிற்கும் நிரல்களுள் பின்னதன் கோப்பு முன்னதன்மேல் எழுதப்பட்டு, முதல் தடயம் அழிந்துபோகலாம்.

விடையின் தொடக்கத்தில் நெடுக்குக் கோடு ஒன்று இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அக்கோடு குழாயைக் குறிக்கும். பதிவு நேராகக் கோப்புக்குப் போகாமல், வேறொரு நிரலுக்குள் குழாய் நீர் போலச் செலுத்தப்படுகிறது என்பது அதன் பொருள். உபுண்டுவில் அப்போர்ட் என்னும் நிரலும் ஃபெடோராவில் சிஸ்டம்டி-கோர்டம்ப் என்னும் நிரலும் இவ்வேலையைச் செய்கின்றன. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். குழாய் வழியாகச் செல்லும் பதிவுக்கு 0 என்ற வரம்பு தடையாகாது. கெர்னல் பதிவை அனுப்பிவிடும். அதை வைத்திருப்பதா விடுவதா என்பதை மறுமுனையில் உள்ள நிரலே முடிவு செய்யும். முதல் கேள்விக்கு 0 என்று விடை கிடைத்ததும் பதிவே இல்லை என்று நினைத்து எழுந்துவிடக்கூடாது. சிஸ்டம்டி உள்ள கணினியில் கோர்டம்ப்சிடிஎல் லிஸ்ட் என்று தட்டச்சு செய்தால், இதுவரை பிடிபட்ட பதிவுகளின் பட்டியல் கிடைக்கும்.

மூன்றாவது கேள்வி: சிறப்புரிமை பெற்ற நிரல்களுக்கு என்ன விதி?

சில நிரல்கள் சாதாரணப் பயனர் தொடங்கினாலும் நிருவாகியின் உரிமையோடு ஓடுகின்றன. கடவுச்சொல்லை மாற்றும் நிரல் அவற்றுள் ஒன்று. அதன் நினைவகத்தில் எல்லாருடைய கடவுச்சொற்களுக்கும் உரிய விவரம் இருக்கக்கூடும். கேட் /பிராக்/சிஸ்/எஃப்எஸ்/எஸ்யுஐடி_டம்பபிள் என்னும் கட்டளை இவற்றுக்குரிய விதியைக் காட்டும். 0 என்றால் இத்தகைய நிரல்களுக்குப் பதிவு எடுக்கப்படாது. 2 என்றால் எடுக்கப்படும், ஆனால் நிருவாகி மட்டுமே வாசிக்கலாம். 1 என்றால் பாதுகாப்பு இல்லாமல் எடுக்கப்படும். இது சோதனைக் கணினிக்கு மட்டுமே ஏற்றது.

நான்காவது கேள்வி: இப்போது ஓடும் நிரலுக்கு எது பொருந்தும்?

வரம்பு தாயிடமிருந்து பிள்ளைக்குச் செல்வது போல, தொடங்கி வைத்த நிரலிடமிருந்து தொடங்கப்பட்ட நிரலுக்குச் செல்கிறது. நாம் முனையத்தில் பார்க்கும் வரம்பு நம் முனையத்துக்கு உரியது. காலையில் கணினி தொடங்கியபோதே ஓடத் தொடங்கிய இணையச் சேவைக்கு வேறு வரம்பு இருக்கலாம். /பிராக் கோப்புறையில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் அதன் அடையாள எண்ணைப் பெயராகக் கொண்ட துணைக் கோப்புறை உண்டு. அதனுள் உள்ள லிமிட்ஸ் என்னும் கோப்பை வாசித்தால், கோர் கோப்பின் அளவுக்கான மென் வரம்பும் வன் வரம்பும் ஒரே வரியில் தெரியும். நமக்குத் தேவையான நிரலின் உண்மை நிலை இதுவே.

பிற யூனிக்ஸ் கணினிகளில்

சோலாரிஸ் என்னும் யூனிக்ஸில் இவ்வேலை இன்னும் எளிது. கோர்ஏடிஎம் என்ற ஒரே கட்டளையை எந்தச் சேர்க்கையும் இல்லாமல் தட்டச்சு செய்தால் போதும். பொதுக் கோப்பின் பெயர் எது, ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியே பதிவு உண்டா, சிறப்புரிமை நிரல்களுக்கு உண்டா, பதிவு எடுக்கப்பட்டதைக் குறித்து வைக்க வேண்டுமா என்பன யாவும் ஒரே பட்டியலில் வரும். ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினியும் யூனிக்ஸ் வழிவந்ததே. அதில் சிஸ்சிடிஎல் கெர்ன்.கோர்ஃபைல் என்னும் கட்டளை, பதிவு வைக்கப்படும் இடத்தையும் பெயரையும் காட்டும். வழக்கமாக அவ்விடம் /கோர்ஸ் என்னும் கோப்புறை.

பார்த்த பின் எடுக்கும் முடிவு

இந்நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே எதை மாற்றுவது என்று சிந்திக்க வேண்டும். நிரல் எழுதிப் பழகும் மாணவரின் கணினியில் இரகசியம் அதிகம் இல்லை, வழுக்களோ ஏராளம். அங்கே பதிவு எடுப்பதே நன்று. மருந்தகத்தின் நோயாளிப் பட்டியலையோ பள்ளியின் மாணவர் விவரத்தையோ வைத்திருக்கும் கணினியில் நிலைமை வேறு. அங்கே பதிவை நிறுத்தலாம். அல்லது நிருவாகி மட்டும் திறக்கக்கூடிய இடத்தில் வைத்து, ஆய்வு முடிந்ததும் அழித்துவிடலாம். நிரலாளரும் தம் பங்குக்கு உதவ முடியும். கடவுச்சொல் போன்றவை இருக்கும் நினைவகப் பகுதியைப் பதிவில் சேர்க்காதே என்று கெர்னலிடம் சொல்லும் வசதி லினக்ஸில் உண்டு.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது நம் முன்னோர் வாக்கு. கணினியின் அமைப்பை மாற்றும் கட்டளைகளைத் தேடி மனனம் செய்பவர் பலர். இப்போது என்ன அமைப்பு இருக்கிறது என்று முதலில் பார்ப்பவர் சிலரே. நான்கு வரிகளைத் தட்டச்சு செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால், கணினி எதைச் சிலைமேல் எழுத்து போல நிலைக்க வைக்கிறது, எதை நீர்மேல் எழுத்தாக மறைய விடுகிறது என்பதை அந்த ஒரு நிமிடம் நமக்குச் சொல்லிவிடும்.

அருஞ்சொற்பொருள்

இயங்குதளம் – கணினியின் பாகங்களையும் நிரல்களையும் ஆளும் அடிப்படை மென்பொருள்
கெர்னல் – இயங்குதளத்தின் மையப் பகுதி
சமிக்ஞை – இயங்கும் நிரலுக்கு அனுப்பப்படும் குறிப்பு
முனையம் – கட்டளைகளை எழுத்தால் உள்ளிடும் திரை
வழு – நிரலில் உள்ள தவறு
மறையாக்கம் – பிறர் வாசிக்க முடியாதபடி தகவலை மாற்றி வைத்தல்
கையொப்பத் திறவி – ஒரு செய்தி உரியவரிடமிருந்து வந்தது என்று உறுதிப்படுத்த உதவும் இரகசிய எண்
நிருவாகி – கணினியின் முழு உரிமையும் பெற்ற பயனர்

கருத்துணர் கேள்விகள்

1. சோதனையில் தோற்ற சில்லையும் நின்றுபோன நிரலையும் கட்டுரையாளர் ஏன் ஒப்பிடுகிறார்?
2. கோர் கோப்பு என்னும் பெயர் வந்த வழியை விளக்குக. எண்ணெய் என்னும் சொல்லுடன் அது எவ்வாறு ஒத்திருக்கிறது?
3. வாயேஜர் 1 விண்கலத்தின் கோளாறைக் கண்டறிய, பழைய பதிவும் புதிய பதிவும் எவ்வாறு துணைபுரிந்தன?
4. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2023இல் தந்த விளக்கத்துக்கும் 2024இல் செய்த திருத்தத்துக்கும் உள்ள வேறுபாடு யாது?
5. யூலிமிட் -சி என்னும் கட்டளைக்கு 0 என்று விடை வந்தாலும் பதிவு எடுக்கப்படக்கூடும். ஏன்?
6. முனையத்தில் காணும் வரம்பு, காலை முதல் ஓடிக்கொண்டிருக்கும் இணையச் சேவைக்குப் பொருந்தாமல் போகக் காரணம் என்ன?
7. ‘நீர்மேல் எழுத்து போல’, ‘சிலைமேல் எழுத்து போல’, ‘உள்ளங்கை நெல்லிக்கனி போல’ ஆகிய உவமைத்தொடர்களின் பொருளை எழுதி, அன்றாட வாழ்க்கையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் அமைத்திடுக.

சிந்தனைக்கு

உங்கள் பள்ளியின் நூலகக் கணினி அடிக்கடி நின்றுபோகிறது. அதில் மாணவர்களின் பெயர்களும் அடையாள அட்டை எண்களும் உள்ளன. காரணத்தை அறிய நினைவகப் பதிவு வேண்டும் என்கிறார் பழுதுபார்ப்பவர். பதிவை எடுக்க அனுமதிப்பீர்களா? அனுமதித்தால் என்னென்ன நிபந்தனைகளை விதிப்பீர்கள்? கட்டுரையிலிருந்து சான்றுகள் காட்டிக் குழுவில் வாதிடுக.